குச்சிக்கிழங்கு எடை: சராசரியை நம்பி முடிவெடுக்கலாமா?

கேள்வி: குச்சிக்கிழங்குக் (மரவள்ளி) காட்டில் 12 பாத்திகள் ஒதுக்கினேன். நான்கில் வழக்கமான பராமரிப்பு, நான்கில் கூடுதல் தொழு உரம், நான்கில் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) துத்தநாக சல்பேட்டும் கலந்த தெளிப்பு. செடிக்குச் சராசரியாக முறையே 4, 5, 6 கிலோ வந்தது. பாத்திவாரி எடையை இணைத்துள்ளேன். அடுத்த பட்டத்தில் காடு முழுவதும் தெளிக்கலாமா?
– விவசாயி, வாழப்பாடி

பதில்: பாத்திவாரி எடையை அனுப்பினீர்களே, அதுவே பெரிய உதவி. பெரும்பாலோர் சராசரியை மட்டும் எழுதிவிட்டு ‘எது நல்லது?’ என்று கேட்பார்கள்.

உங்கள் கணக்கு இது (பாத்திவாரியாகச் செடிக்குச் சராசரி, கிலோவில்). வழக்கம்: 4, 5, 3, 4. தொழு உரம்: 5, 6, 4, 5. தெளிப்பு: 6, 5, 7, 6. கூடுதலாக எதுவுமே செய்யாத பாத்தி ஒன்று 5 கிலோ தந்திருக்கிறது. தெளித்த பாத்தி ஒன்றும் அதே 5 கிலோதான். ஒரே கவனிப்பு பெற்ற பாத்திகளே மண்ணாலும் ஈரத்தாலும் இரண்டு கிலோ வரை முன்பின்னாகின்றன. முறைகளுக்கு இடையே தெரியும் இடைவெளி இந்த இயல்பான ஏற்ற இறக்கத்தைத் தாண்டி நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

இதற்கான கணக்கின் பெயர் மாறுபாட்டுப் பகுப்பாய்வு. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் உருவாக்கியது. 1923-ல் அவர் இதைப் போட்டுக் காட்டியதும் உருளைக்கிழங்கு உரச் சோதனையில்தான். ஆக, கிழங்குக்காரர்களுக்கு அந்நியமான கணக்கு அல்ல.

மொத்தச் சராசரி 5. ஒவ்வொரு முறையின் சராசரியும் அதிலிருந்து விலகும் அளவை வர்க்கப்படுத்தி, நான்கு பாத்திக்காக நான்கால் பெருக்கிக் கூட்டினால் 8. மூன்று முறைகள் என்பதால் ஒன்று குறைத்து 2-ஆல் வகுக்க, 4. அடுத்து, ஒவ்வொரு பாத்தியும் தன் முறையின் சராசரியிலிருந்து விலகும் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 6. அதை 9-ஆல் (12 பாத்தி, கழித்தல் 3 முறை) வகுக்க, 0.67. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் எஃப் விகிதம் 6. அட்டவணையில் 5 விழுக்காட்டு எல்லை 4.26; அதாவது, மூன்று முறையும் உண்மையில் ஒன்றேயானால் தற்செயலாக இதைத் தாண்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துதான். உங்களுடையது அதைத் தாண்டுகிறது. எனவே மூன்றும் ஒன்றே என்று ஒதுக்க முடியாது.

ஆனால் எது எதை வென்றது என்று எஃப் சொல்லாது. ஒன்று மற்றொன்றை வென்றது என்று சொல்ல, இந்தச் சோதனையில் இரு சராசரிகளுக்கு இடையே ஏறத்தாழ 1.3 கிலோவாவது வித்தியாசம் வேண்டும். தெளிப்புக்கும் வழக்கத்துக்கும் 2 கிலோ, அது தேறிவிட்டது. தெளிப்பு தொழு உரத்தை வென்றதாகவோ, தொழு உரம் வழக்கத்தை வென்றதாகவோ இதை வைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டிலும் வித்தியாசம் ஒரு கிலோதான்.

எந்தப் பாத்தி எங்கே இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. சீட்டுக் குலுக்கிப் பிரித்திருந்தால் மேலே சொன்னது நிற்கும். தெளித்த நான்கும் வாய்க்கால் ஓரமாகவே அமைந்திருந்தால், நீங்கள் அளந்தது தண்ணீரை. கணக்கைத் தூக்கிப் போடுங்கள். இன்னொன்று: ஒரே பாத்தியில் 20 செடி பிடுங்கி எடை போட்டாலும் கணக்கில் அது ஒரு பாத்திதான்.

இரும்பும் துத்தநாகமும் செடிக்குச் சரியாகக் கிடைக்காமல் துளிர் இலை மஞ்சளாகும் சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் தெளிப்பு பலன் தந்ததில் வியப்பில்லை. இருந்தாலும் அடுத்த பட்டத்தில் தெளிப்பை அரைக் காட்டோடு நிறுத்துங்கள். மறுபடி சோதிக்கும்போது, சரிவுக் காடானால் ஒவ்வொரு வரிசையிலும் மூன்று முறைகளும் ஆளுக்கொரு பாத்தியில் வரும்படி குலுக்கிப் போடுங்கள். வரிசைகளுக்கு இடையேயான வேறுபாட்டைக் கணக்கில் தனியாகப் பிரித்துவிடலாம். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) பார்த்துத்தானே விலை போடுகிறார்கள்? அதனால் எடையோடு மாவுச்சத்தையும் பாத்திவாரியாகக் குறித்து அனுப்புங்கள்.