எந்தக் கார் ஏன் ஓடியது, எது ஏன் படுத்தது: கேள்வி பதில்

கே: அம்பாசிடர் அத்தனை வருஷம் ஓடியது வடிவமைப்பாலா?
ப: பாதிதான். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இங்கிலாந்துக் காரை வைத்து 1950களின் கடைசியில் இருந்து 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் செய்தார்கள். பின்சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அத்துபடி. மீதிப் பாதி, கார் செய்யவே அரசு லைசென்ஸ் தர வேண்டியிருந்த காலத்தில் போட்டிக்கு ஆளே இல்லாதது.

கே: ஸ்டாண்டர்ட் 2000 மெட்ராஸ் கார்தானே? பார்க்க ராஜா மாதிரி இருக்கிறதே, ஏன் தோற்றது?
ப: படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். பெருங்களத்தூரில் 1985இல் வந்த கார். உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1, டேவிட் பாச் வரைந்தது, 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. அங்கே அந்த நீள மூக்குக்குள் 3.5 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின், உட்கார்ந்திருந்தது. இங்கே 1940களில் பிறந்த ஸ்டாண்டர்ட் வேன்கார்டு எஞ்சினின் பரம்பரையைச் சேர்ந்த 2 லிட்டர் நாலு சிலிண்டரைத் தூக்கி வைத்தார்கள். வண்டியோ கனம், எஞ்சினோ கிழடு, எப்படி இழுக்கும்? நம் ரோட்டுக்காக சஸ்பென்ஷனை வேறு உயர்த்தினார்கள், தரையோடு படிந்து நிற்க வேண்டிய கார் எக்கி நின்றது. வெளியே பந்தா, ஆக்சிலேட்டரை மிதித்தால் பெருமூச்சு. மாருதி 800 அரை லட்சத்துக்குக் கிடைத்த காலத்தில் அதைப்போலப் பல மடங்கு விலை கொடுத்தவருக்கு எப்படி இருந்திருக்கும்! சில வருஷத்தில் கம்பெனியே மூடியாகிவிட்டது.

கே: 8 லட்சத்துக்குள் நல்ல கார் சொல்லுங்க அண்ணா.
ப: இது பழைய கார் கச்சேரி, தம்பி. ஷோரூமில் ஓட்டிப் பாருங்கள்.

கே: டாடா நானோ ஏன் தோற்றது? (இதையே மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.)
ப: 'மலிவு கார்' என்ற பெயரால் என்று சொல்வது பாதி உண்மை. 2009இல் 2 லட்சத்துக்கும் மேல் முன்பதிவு வந்ததே, அவர்களுக்கு விலை தெரியாதா? மேற்கு வங்காளத்தின் சிங்கூரிலிருந்து குஜராத்தின் சனந்துக்குத் தொழிற்சாலை மாறியதில் வண்டி கைக்கு வரத் தாமதம், சூடு ஆறிப்போனது.

கே: சார், தீப்பிடித்ததை மறைக்கிறீர்களே!
ப: மறைக்கவில்லை, 2010இல் சில வண்டிகள் எரிந்தது பெரிய அடிதான். ஆனால் காரையும் கொஞ்சம் பாருங்கள். எஞ்சின் பின்னால், பின்கதவு திறக்காது, பையை வைக்கப் பின்சீட்டை மடக்க வேண்டும். பெட்ரோல் போட முன் பானெட்டைத் திறக்க வேண்டும். திறக்கும் பின்கதவு 2015இல்தான் வந்தது. கையில் காசு வைத்திருந்த குடும்பம் ஆன்ரோடு விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, பழைய மாருதி 800 பக்கம் போய்விட்டது.

கே: அப்போ சாதாரணக் குடும்பத்துக்கும் கார் என்ற ரத்தன் டாடா கனவு தப்பா?
ப: கனவைப் பற்றி நான் பேசவே இல்லையே! டிக்கியைப் பற்றிப் பேசுகிறேன்.

கே: ஹூண்டாய் சான்ட்ரோ எப்படி ஜெயித்தது? பார்க்க அசிங்கமாக இருந்ததே.
ப: மறுபடியும் படம்! 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள்தான். கூரை உயரம் என்பதால் முட்டி வலிக்காரரும் குனியாமல் ஏறி இறங்கினார். சிரித்தவர்களே வாங்கினார்கள்.

கே: நானோ மைலேஜ்?
ப: இன்னொரு நானோ கேள்வி வந்தால் எழுந்து போய்விடுவேன்.

கே: மேட்டிஸ்?
ப: நல்ல கார். அதைச் செய்த டேவூ கம்பெனி கொரியாவில் 2000இல் திவாலானது, ஸ்பேர் கிடைக்குமா என்ற பயத்திலேயே ஆட்கள் விலகினார்கள். வடிவமைப்பாளர் மேல் பழி போடாதீர்கள்.