அமோனியா ஆலை வேலைக்குப் பிள்ளையை விடலாமா?

உயர்தர இரசாயனவியலில், நைதரசனையும் ஐதரசனையும் சேர்த்து அமோனியா செய்யும் ஹேபர் முறை ஒரு பக்கத்தோடு முடிந்துவிடும்: இரும்பு ஊக்கி, 450 பாகை, 250 வளிமண்டல அமுக்கம். அந்த 250தான் பெற்றோரான உங்களை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருக்கிறது. உண்மையில் அதைப் பற்றித்தான் வடிவமைப்பாளர்கள் கூடுதலாக யோசித்திருக்கிறார்கள். அந்த வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் ஐதரசன் சாதாரண உருக்குக்குள் புகுந்து, அதிலுள்ள காபனோடு சேர்ந்து மீதேனாகி உள்ளேயே விரிசல் போடும். அதனால்தான் குரோமியம், மொலிப்டினம் கலந்த உருக்கு.

நான் பயப்படச் சொல்வது சின்ன வேலைகளுக்கு. இலங்கையில் இப்போது அமோனியா உற்பத்தி இல்லை. சப்புகஸ்கந்தை யூரியா ஆலை 1980களிலேயே மூடப்பட்டுவிட்டது. ஆனால் ஐஸ் தொழிற்சாலை, மீன் குளிரறை என்று குளிரூட்டியாக அமோனியா கொழும்பைச் சுற்றியே ஓடுகிறது. அங்கே கம்பிரசர் எண்ணெய் திரவ அமோனியாவை விடப் பாரமானது என்பதால் கலத்தின் அடியில் தங்கும். இடைக்கிடை வடிக்க வேண்டும். குளிரில் தடித்த எண்ணெய் வால்வை அடைத்து நிற்கும். ஆள் வால்வை இன்னும் திறப்பார். அடைப்பு திடீரென்று விடுபட, அமோனியா கையிலும் முகத்திலும் பாயும். கையை எடுத்தவுடன் தானாக மூடும் சுருள்வில் வால்வு, பக்கத்தில் இரண்டாவது ஆள், கண் கழுவும் தண்ணீர்: இந்த மூன்றும் இல்லாத இடத்தில் பிள்ளை பயிற்சிக்குக்கூட நிற்க வேண்டாம். இரண்டு மூடிய வால்வுகளுக்கு நடுவே திரவம் அடைபட்டுச் சூடேறினாலும் இதே கதைதான். விரிய இடமில்லாமல் குழாய் பிளக்கும்.

தேங்கிய திரவ அமோனியாவுக்குத் தண்ணீர் அடிக்கக்கூடாது, இன்னும் வேகமாகக் கொதித்து ஆவியாகும். தண்ணீர்த் திரையை ஆவிக்கு மட்டும் பிடிக்க வேண்டும். மூக்கையும் நம்ப முடியாது, மணம் பழகிவிடும். எட்டு மணி நேர வேலைக்கு 25 பிபிஎம் (காற்றில் பத்து இலட்சத்தில் 25 பங்கு) எல்லை. 300 வந்தால் உயிராபத்து, காற்றுச் சிலிண்டர் பூட்டாமல் யாரும் உள்ளே போவதில்லை. 1973இல் தென்னாபிரிக்காவின் பொச்செஃப்ஸ்ட்ரூமில் ஒரு சேமிப்புத் தாங்கியின் முனை உடைந்து 38 தொன் வெளியேறியது. 18 பேர் இறந்தார்கள். ஆலையின் உலை அல்ல, சேமிப்புத் தாங்கி.

படிப்பென்றால் மொறட்டுவையிலோ பேராதனையிலோ இரசாயன, செயன்முறைப் பொறியியல். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி எட்டாவிட்டால் தியகமவில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகத்தில் இரசாயனப் பொறியியல் டிப்ளோமா இருக்கிறது. அதைக் குறைவாக நினைக்காதீர்கள். வால்வைக் கையால் தொட்டவருக்கு ஷிஃப்டில் மதிப்பு அதிகம். உயர்தரம் முடிந்த கையோடு நெபோஷ் என்ற தொழிற் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காசு கட்ட வேண்டாம். உள்ளூர் குளிரூட்டல் ஆலையொன்றில் ஓரிரு வருடம் வேலை செய்துவிட்டுப் படித்தால்தான் அது விளங்கும். கட்டார், சவூதி உர ஆலைகள் அதற்குப் பிறகு.

இன்னொன்றையும் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் அவசரப்படுத்தும்போது, “பொறுங்கோ, பார்த்திட்டுச் சொல்றன்” என்று நிற்கக்கூடிய பிள்ளையா? ஆலையில் ஆபத்தான ஒரு வேலையைத் தொடங்க விடும் அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன், குழாயில் அமுக்கம் இறங்கியதா, குழாயை அடைக்கும் தடுப்புத் தகடு போட்டாயிற்றா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும், மேலதிகாரி கத்தினாலும். நேர்முகத் தேர்விலேயே, “நான் கையெழுத்து வைக்க மறுத்தால் என்ன நடக்கும்?” என்று பிள்ளை கேட்கட்டும். பதில் மழுப்பலாக இருந்தால், சம்பளம் எவ்வளவு என்றாலும் அந்த இடம் வேண்டாம்.