நியூட்ரல் சுடுகிறதே, ஏன்?

கேள்வி: செந்தூலில் எங்கள் அலுவலக மாடிக்கு 63 ஆம்பியர் த்ரீ ஃபேஸ் பிரேக்கர். கேபிள், சுவரில் கிளிப் அடித்த 16 சதுர மி.மீ. நான்கு கோர் பிவிசி காப்பர். மூன்று ஃபேஸிலும் சமமாக 60 ஆம்பியர், கரண்ட் திரும்பும் கம்பியான நியூட்ரலிலோ 72! உறையும் பழுப்பேறிவிட்டது. லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்டே இருக்காது என்றுதானே படித்தோம்?

பதில்: படித்தது ஹீட்டருக்குச் சரி. கம்ப்யூட்டரும் எல்இடி விளக்கும் அப்படியல்ல. வோல்டேஜ் அலையின் உச்சியில் மட்டும் கரண்டை வெடுக்கென்று இழுப்பவை. அதனால் 50 ஹெர்ட்ஸோடு, அதைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் அலையும் 150 ஹெர்ட்ஸ் கரண்டும் (மூன்றாம் ஹார்மோனிக்) ஓடும். மூன்று ஃபேஸின் 50 ஹெர்ட்ஸும் நியூட்ரலில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இல்லாமல் போகும். 150 ஹெர்ட்ஸ் மூன்றும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதால் அப்படியே கூடிவிடும்.

ஃபேஸ்கள் சமமாக இருப்பது ஒரு வசதி. 72-ஐ மூன்றால் வகுத்தால் ஃபேஸுக்கு 24 ஆம்பியர் மூன்றாம் ஹார்மோனிக். அது 60-இல் 40 சதவீதம். (எந்த வடிவ அலையையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப் மீட்டரில் அளந்தீர்களா? மலிவு மீட்டர் இத்தகைய கரண்டைக் குறைத்தே காட்டும்.)

ஐஇசி 60364-5-52 என்ற சர்வதேச வயரிங் தரநிலையின் கணக்கு இது: மூன்றாம் ஹார்மோனிக் 15 சதவீதம் வரை இருந்தால் வழக்கம்போல ஃபேஸ் கரண்டைப் பார்த்தால் போதும். 15 முதல் 33 வரை, ஃபேஸ் கரண்டை 0.86-ஆல் வகுக்க வேண்டும். 33 முதல் 45 வரை, வகுக்க வேண்டியது நியூட்ரல் கரண்டை. 45-க்கு மேல், நியூட்ரல் கரண்டே அளவுகோல். நான்காவது கம்பியும் சூடாவதால்தான் அந்த 0.86.

உங்களுடையது 40 சதவீதம். 63 ஆம்பியர் முழுதாக ஓடினால் நியூட்ரலில் 75.6; 0.86-ஆல் வகுத்தால் 88 ஆம்பியர். அவ்வளவைக் கேபிள் தாங்க வேண்டும். உங்கள் 16 சதுர மி.மீ. கேபிள் சுற்றுப்புறம் 30 டிகிரியில் இருந்தால் 76 ஆம்பியர் தாங்கும். 35 டிகிரியில் 71தான். இப்போது ஓடும் 72-க்கே போதாது! 25 சதுர மி.மீ. 35 டிகிரியில் 90 தாங்கும். கேபிள் மாடிக்கு ஏறும் குழி (ரைசர்) 40 டிகிரி என்றால் அது 83-க்கு இறங்கிவிடும். அங்கே 35 சதுர மி.மீ. போடுங்கள். பக்கத்தில் வேறு கேபிள்கள் ஒட்டிப் போனால் இன்னும் குறையும்.

பிரேக்கர் ஏன் விழவில்லை? மூன்று போல் பிரேக்கருக்கு நியூட்ரல் கரண்ட் தெரியாது. "இன்னொரு கறுப்புக் கம்பியை இழுத்துக் கட்டிவிடலாம்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீளமும் பாதையும் வேறான இரண்டு கம்பிகள் கரண்டைச் சமமாகப் பங்கிடாது.

கேள்வி: பாதி அளவு நியூட்ரல் போட்டால் காசு மிச்சமாகுமே?

பதில்: காப்பர் ஃபேஸ் 16 சதுர மி.மீ.க்கு மேல், ஹார்மோனிக் 15 சதவீதத்துக்குள், நியூட்ரலுக்குத் தனிப் பாதுகாப்பு, நியூட்ரல் கம்பி குறைந்தது 16 சதுர மி.மீ. இவையெல்லாம் சேர்ந்தால் அனுமதி உண்டு. இன்றைய அலுவலகத்தில் நாங்கள் செய்ய மாட்டோம்.

கேள்வி: ஜார்ஜ்டவுன் கடைவீடு. திடீரென்று சில விளக்குகள் மங்கின, சில பளிச்சென்று எரிந்து போயின.

பதில்: நியூட்ரல் கழன்றிருக்கிறது. உடனே மெயினை அணையுங்கள். ஒரு ஃபேஸில் 500 வாட், இன்னொன்றில் 2000 வாட், மூன்றாவது காலி என்று வையுங்கள். நியூட்ரல் அறுந்தால் இரண்டும் இரு ஃபேஸுக்கு இடையிலான 400 வோல்ட்டில் தொடராகிவிடும்: சிறிய லோடுக்கு 320, பெரியதற்கு 80. எரிவது பெரும்பாலும் டிவியும் விளக்கும்தான்.

பக்கத்துக் கடையிலும் இதே கோளாறு என்றால் மலேசிய மின் நிறுவனமான டிஎன்பியை 15454-இல் அழையுங்கள். உங்கள் டிபி பாக்ஸில் (பிரேக்கர் பெட்டி) மட்டும் என்றால் பதிவுபெற்ற வயர்மேன் நியூட்ரல் கம்பிகள் இணையும் நியூட்ரல் லிங்க்கைப் பார்க்கட்டும்: ஒரே திருகின் கீழ் இரண்டு கம்பி, கம்பி முனையில் மாட்டும் லக்குக்குள் நுழைய வெட்டிய இழைகள், கறுத்த காப்பர். பளபளப்பான இடம் வரை வெட்டி, தயாரிப்பாளர் குறித்த டார்க்கில் (முறுக்கு விசை) திருகை முறுக்க வேண்டும். இன்சுலேஷன் சோதனைக்காகக் கழற்றிய லிங்க்கை மாட்ட மறந்து கரண்ட் கொடுப்பதும் இதே விபத்தில்தான் முடியும்.