முடி ரெண்டரை இன்ச்தான் இருக்கு, இப்பவே ட்ரெட்லாக்ஸ் ஆரம்பிக்கலாமா, இல்ல வளர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?

சுருட்டை முடின்னா இன்னைக்கே ஆரம்பிக்கலாம், கோரை முடின்னா இன்னும் மூணு மாசம் பொறுங்க. எந்த முடின்னு நீங்க எழுதவே இல்ல, நீளத்தை மட்டும் அளந்து கேட்டிருக்கீங்க. நானும் அப்ப இதையேதான் பண்ணேன், அதனால உங்களுது கோரை முடி இல்லன்னா லேசா நெளிஞ்ச முடி, ஏதோ ஒரு காரணத்துக்காக கட்டையா வெட்டிட்டீங்க, இப்ப வளர்றது கண்ணுக்கே தெரியல, பொறுமை போயிடுச்சுன்னு நானே எடுத்துக்கிறேன்.

ட்ரெட்லாக்ஸ்னா முடிய கொத்து கொத்தா பிரிச்சு கயிறு மாதிரி சிக்காக்கி விடற சடைமுடி. சுருட்டை விஷயத்தை சீக்கிரம் சொல்லிடறேன். நல்லா ஸ்ப்ரிங் மாதிரி சுருண்ட முடிக்கு 1 இன்ச், ஒன்றரை இன்ச் இருந்தாலே போதும், கொஞ்சம் கொஞ்சமா எடுத்து சீப்பு முனையால ஒரே பக்கமா திருகி விட்டா அப்படியே நிக்கும், சில மாசத்துல உள்ளுக்குள்ளயே பின்னிக்க ஆரம்பிச்சிடும். கோரை முடிய அப்படி திருகினா கைய எடுத்த உடனே பிரிஞ்சிடும். அதுக்கு சிக்கு நாமதான் உண்டாக்கணும், சிக்காகும்போது நீளம் வேற உள்ள இழுத்துக்கும், 3 இன்ச் முடி 2 இன்ச் குச்சியா நிக்கும். அதான் கோரை முடிக்கு குறைஞ்சது 4 இன்ச், 5 இருந்தா இன்னும் நல்லதுன்னு சொல்றேன். 3 இன்ச்லயே போட்டு நல்லா வந்தவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்லல, கமெண்ட்ல வந்து சண்டைக்கு நிக்காதீங்க, என் தலையில நடந்ததை வெச்சுதான் இதை எழுதறேன்.

எனக்கு இடுப்பு வரைக்கும் முடி இருந்துச்சு. ஒரு தடவை கடுமையான காய்ச்சல்ல ரெண்டு வாரம் படுத்து எழுந்தேன், எழுந்து ரெண்டரை மாசம் கழிச்சு முடி கொட்ட ஆரம்பிச்சது பாருங்க, தலையணைல, குளிக்கிற இடத்துல, சட்டைல, எங்க பார்த்தாலும் முடி. பெரிய காய்ச்சலுக்கு அப்புறம் 2, 3 மாசம் கழிச்சு இப்படி கொட்டறது நிறைய பேருக்கு நடக்கறதுதான், சில மாசத்துல பெரும்பாலும் தானா நின்னு திரும்ப வளர்ந்துடும், ஆனா எனக்கு அப்ப அதை யாரும் சொல்லல. தினமும் தரைய கூட்டும்போது அந்த முடிப் பந்தைப் பார்த்து அழுவேன். ஒரு நாள் தாங்க முடியாம பாய்கட் வெட்டிட்டேன்.

அப்பதான் ட்ரெட்லாக்ஸ் பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சது. எல்லாருக்குமே ஒரு நாளைக்கு 50லேருந்து 100 முடி உதிரும், அது சாதாரணம். நாம சீவறதால அது சீப்போட வந்துடுது. சீவாம விட்டா உதிர்ந்த முடி பக்கத்து முடியோட சிக்கி அங்கயே நின்னுடும், ட்ரெட்டுக்கு கனம் குடுக்கறதே பாதி அந்த உதிர்ந்த முடிதான். இதைப் படிச்சதும் எனக்கு மனசுல என்ன பட்டுச்சுன்னா, இனிமே என் முடி தரையில விழாது, விழுந்தாலும் என்கிட்டயே இருக்கும். ஸ்டைலுக்காக ஆரம்பிச்சவ இல்ல நான். இதை ஏன் சொல்றேன்னா, இந்தக் கேள்வி கேக்கறவங்க எல்லாரையும் ஃபேஷனுக்கு அலையறவங்கன்னு நினைச்சு பதில் எழுதறாங்க, அதைப் படிச்சா எனக்கு வலிக்கும்.

3 இன்ச் வந்ததும் ஒரு பார்லருக்குப் போனேன். அவங்க தலை முழுக்க சின்னச் சின்னக் கட்டமா வகிடு எடுத்து 90க்கு மேல பிரிச்சாங்க, ஒவ்வொண்ணோட அடியிலயும் ரப்பர் பேண்ட், மேலேருந்து கீழ வரைக்கும் மெழுகு. வீட்டுக்கு வரும்போதே தலைவலி, அன்னிக்கு ராத்திரி எந்தப் பக்கமும் சாய்ஞ்சு படுக்க முடியல. போன் பண்ணி கேட்டா முதல்ல அப்படித்தான் இருக்கும்னாங்க. நாலாவது நாள் நெத்திப்பொட்டு ஓரமா சின்னச் சின்ன வெள்ளைக் கொப்புளம். அஞ்சாவது வாரம் ரெண்டு நெத்திப்பொட்டுலயும் முடி மெலிஞ்சு தோல் தெரிய ஆரம்பிச்சிடுச்சு. கொட்டறதுக்கு பயந்து போட்டதுலயே கொட்டுது, அந்த நாள் எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால நீளத்தை விட முக்கியமா ஒண்ணு சொல்றேன், இறுக்காதீங்க. முடி வேர் தொடர்ந்து இழுபட்டா அந்த இடத்துல வழுக்கை விழும், ஆரம்பத்துலயே விட்டுட்டா திரும்ப வளரும், வருஷக்கணக்கா இழுத்தா வேரே செத்துடும், அப்புறம் வளராது. கட்டை முடில இந்த ஆபத்து ஜாஸ்தின்னு நான் சொல்லுவேன், ஏன்னா பிடிமானம் கம்மியா இருக்கறதால போடறவங்க நிக்கணும்னு இறுக்கத்தான் பார்ப்பாங்க. வலிச்சாலே தப்பு நடக்குதுன்னு அர்த்தம், முதல்ல அப்படித்தான்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க.

அவிழ்க்க முடியாது, மொட்டைதான் வழின்னு பயமுறுத்துவாங்க, அதுவும் உண்மை இல்ல. நானும் என் தம்பியும் உக்காந்து மூணு நாள்ல அவிழ்த்தோம். கண்டிஷனர நிறைய தடவி ஊற விட்டு, நுனிலேருந்து ஆரம்பிச்சு ஊசி முனையால கொஞ்சம் கொஞ்சமா பிரிக்கணும், வேர் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சா அறுந்துடும். மெழுகுதான் உயிரை எடுத்துச்சு, அது தண்ணில கரையாது, ஷாம்பூவுக்கும் சரியா போகாது, தூசியும் துணி நூலும் வந்து ஒட்டிக்கும், உள்ள ஈரத்தையும் காய விடாது. மெழுகு வேணும்னு சொல்ற ஆள்கிட்டேருந்து எழுந்து வந்துடுங்க.

நாலு மாசம் சும்மா விட்டேன். முடி மாசத்துக்கு சுமாரா அரை இன்ச் வளரும், அந்தக் கணக்குல 5 இன்ச் கிட்ட வந்துச்சு, நெத்திப்பொட்டுலயும் பூனைமுடி மாதிரி முளைச்சுது. இந்த தடவை தம்பிதான் போட்டு விட்டான். அவனுக்கு அப்ப பரீட்சை நேரம், இருந்தும் நாலு சாயங்காலம் என் பின்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்தான், அதை நான் மறக்கவே மாட்டேன். 1 இன்ச் கட்டம், செங்கல் அடுக்கற மாதிரி மேல் வரிசை வகிடும் கீழ் வரிசை வகிடும் ஒரே நேர்ல வராம மாத்தி மாத்தி, அப்படிப் பிரிச்சாத்தான் மண்டை கோடு கோடா தெரியாது. மொத்தம் 48 வந்துச்சு. ஒவ்வொரு கொத்தையும் நுனில பிடிச்சுக்கிட்டு பேன் சீப்பால வேர் பக்கமா சின்னச் சின்னதா தள்ளணும், அடியில ஒரு முடிச்சு மாதிரி சேர்ந்ததும் அதுக்கு மேல, அப்புறம் அதுக்கு மேல, இப்படி நுனி வரைக்கும். அப்புறம் 0.75 மிமீ குரோஷே ஊசிய, அதாவது நுனில கொக்கி இருக்கற பின்னல் ஊசிய, உள்ள விட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற முடியப் பிடிச்சு உள்ள இழுக்கணும். ஒரே இடத்துல ரொம்ப குத்தினா முடி அறுந்து நடுவுல மெலிஞ்சிடும், அதனால நகர்ந்துக்கிட்டே இருக்கணும். ரப்பர் பேண்ட் ஒண்ணு கூட கிடையாது. அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கினேன்.

அதுக்கப்புறம் ஆறு மாசம் குச்சி குச்சியா நாலா பக்கமும் நிக்கும், கட்டை முடில ஆரம்பிக்கறவங்க எல்லாரும் இதைத் தாண்டித்தான் ஆகணும், கனம் ஏறினாத்தான் கீழ விழும். நான் அகலமான காட்டன் துணிய தளர்வா கட்டிக்கிட்டுப் போவேன். பாதி முடி வெளிய வந்து பிசிறு பிசிறா ஆகும், சிலது நடுவுல புடைச்சுக்கும், கெட்டுப்போச்சுன்னு நினைச்சு தினமும் ஊசி எடுக்காதீங்க, சிக்கு கெட்டிப்படறதுக்கு முன்னாடி அப்படித்தான் ஆகும். பக்கத்து பக்கத்துல இருக்கறது வேர்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், குளிச்ச ஒவ்வொரு தடவையும் விரலால தனித்தனியா பிரிச்சு விட்டுடுங்க, விட்டுட்டா ஒரு மாசத்துல ரெண்டும் ஒண்ணாயிடும்.

குளிக்கவே கூடாதுன்னு ஒரு கதை ஓடுது. தப்பு. எண்ணெய்ப் பசை இருந்தா முடி வழுக்கிக்கிட்டுப் போகும், சுத்தமான முடிதான் சீக்கிரம் பின்னிக்கும். நான் முதல் ஒரு வாரம் மட்டும் விட்டுட்டு அப்புறம் வாரம் ஒரு தடவை, தலைக்கு வலை மாட்டிக்கிட்டு, நல்லா அலசினா பிசுக்கு நிக்காத ஷாம்பூ, கண்டிஷனர் கிடையாது. காலைலயே குளிச்சிடணும், துண்டால ஒவ்வொண்ணா பிழியணும், ஈரத்தோட கட்டறதோ படுக்கறதோ கூடவே கூடாது, உள்ள பூஞ்சை பிடிச்சா அந்த வாடை போகாது. பொடுகு இருந்தா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வைத்தியம் பார்த்து சரி பண்ணிடுங்க, அப்புறம் மண்டை வரைக்கும் மருந்து போய்ச் சேர்றது கஷ்டம். என்னை மாதிரி கொட்டிக்கிட்டு இருக்கற நேரம்னா கண்டிப்பா ஆரம்பிக்காதீங்க, கொட்டறது நின்னு புது முடி வரட்டும்.

இது ஜமைக்கால ரஸ்தாஃபாரி மக்களோட விரத முடி, மத்தவங்க போடக் கூடாதுன்னு சில பேர் எழுதுவாங்க. 1930கள்ல ஆரம்பிச்ச நம்பிக்கை அது, பைபிள்ல எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்துல தலைல கத்தி படக் கூடாதுன்னு வர்ற விரதத்தை அவங்க காரணமா சொல்றாங்க. அதை நான் மதிக்கறேன், அதை வேஷமா போடல. சடைமுடிங்கற வார்த்தை நம்ம மொழில காலங்காலமா இருக்கு, சிக்கு விழுந்த முடி எந்த ஒரு ஊருக்கும் மட்டும் சொந்தம் இல்ல.

என்னை ரொம்ப காயப்படுத்தினது ஆபீஸ்தான். ட்ரெட் போட்டு ரெண்டாவது வாரம் முன்னாடி சீட்லேருந்து உள்ள மாத்திட்டாங்க, வர்றவங்களுக்கு அழுக்கா தெரியுதுன்னு மேனேஜர் சொன்னார். வாரம் தவறாம தலைக்கு குளிக்கறேன் சார்னு சொன்னேன், பதிலே இல்ல. அதே மனுஷன்தான் ரெண்டு வருஷமா லீவு நாள் டியூட்டி எல்லாத்தையும் என் பேர்ல போட்டவர், எங்க அக்கா பிரசவத்துக்கு ஒரு நாள் கேட்டப்ப ஆள் இல்லன்னு கை விரிச்சவர், சம்பளம் கூட்டறப்ப என் பேரை மட்டும் மறந்தவர். இந்த விஷயத்துக்கும் உங்க கேள்விக்கும் சம்பந்தம் இல்லதான், ஆனா சொல்லாம இருக்க முடியல. கலிஃபோர்னியால 2019ல இதுக்குன்னே சட்டம் போட்டாங்க, ட்ரெட்லாக்ஸ், பின்னல் மாதிரி தலைமுடிய வெச்சு வேலையிலயும் பள்ளிக்கூடத்துலயும் யாரையும் ஒதுக்கக் கூடாதுன்னு. சட்டம் போடற அளவுக்கு அவங்களுக்கும் வலிச்சிருக்கு. நீங்க வேலை பார்க்கற இடத்துல விதி என்னன்னு முன்னாடியே எழுத்துல கேட்டு வெச்சுக்கோங்க.

இப்ப ஆறு வருஷம் ஆச்சு, தோளுக்குக் கீழ வந்துடுச்சு. இடது நெத்திப்பொட்டுல ரெண்டு மட்டும் இன்னும் ஒல்லியாவே இருக்கு, அதை நான் கட்டறது இல்ல, சும்மா தொங்க விட்டுடுவேன்.

ரெண்டரை இன்ச்னு சொன்னீங்க இல்ல, இப்பவே ஏதாவது செஞ்சாத்தான் மனசு அடங்கும்னா பிடரில நாலே நாலு மட்டும் போட்டுப் பாருங்க. அங்க முடி உராய்ஞ்சு சீக்கிரம் சிக்காகும், வெளிய தெரியாது, வேண்டாம்னா ஒரு மணி நேரத்துல அவிழ்த்துடலாம். நெத்திப்பொட்டு மட்டும் கடைசியா போடுங்க.