கடற்கரை இல்லாத கடற்கரைத் தெரு

வணக்கம் ஐயா,

போன வாரக் கடைசியில் கிள்ளானிலிருந்து குடும்பத்தோடு காரில் பினாங்கு போயிருந்தோம். எனக்குத் தெரிந்த பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் மட்டும்தான். இந்தத் தடவை ஊரைப் பார்ப்போம் என்று போனால், ஜார்ஜ்டவுன் ஒருவழிப்பாதைகளில் சுற்றியதுதான் மிச்சம். கைப்பேசி ‘ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்’ என்கிறது. ஆளிடம் கேட்டால் ‘பிட் ஸ்திரீட்டா?’ என்கிறார்கள். சின்ன வயதில் போனதுபோல ஃபெரியில் காரை ஏற்றலாம் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. இதற்கு நடுவில் பத்து வயது மகள் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, “அப்பா, இந்த ‘கெலிங்’ வார்த்தையைச் சொன்னா ஸ்கூல்ல சண்டையே வரும். ரோட்டுக்கு வச்சிருக்காங்களே?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

க., கிள்ளான்

அன்புள்ள க.,

ஃபெரியில் 2021 முதல் கார் ஏற்றுவதில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் அடுத்த முறை காரை எதிர்க்கரை பட்டர்வொர்த்திலேயே விட்டுவிட்டு ஃபெரி ஏறுங்கள். நான் ஒருமுறை பார்க்கிங் தேடி ஒரே நாசி கண்டார் கடையை நான்கு தடவை கடந்தேன். நான்காவது தடவை கடைக்காரர் சிரித்துக்கொண்டே கை காட்டினார்.

இறங்குகிற இடம் வெல்ட் கீ. அங்கிருந்து ‘காட் லெபோ சூலியா’ வழியாக ஊருக்குள் நடங்கள். லெபோ என்றால் மலாயில் தெரு. காட் என்பது காசியில் கங்கைக் கரையில் சொல்கிறார்களே, அதேதான். நம் மொழியில் படித்துறை. ஒரு காலத்தில் தெருக்கள் கடலில் போய் முடிந்தன. 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் கடலைத் தூர்த்துக் கரையைத் தள்ளினார்கள். தெருக்கள் நீண்டன, படித்துறை போனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சில நிமிடங்களில் லெபோ பந்தாய் வரும். பழையவர்களுக்கு பீச் ஸ்திரீட். பெயரில்தான் கடற்கரை, சுற்றிலும் வங்கிக் கட்டடங்கள். அதுதான் பழைய கரை. அதுவரை நீங்கள் நடந்ததெல்லாம் கடல். இதை மகளிடம் அங்கே வைத்துச் சொல்லுங்கள், திரும்பிப் பார்ப்பாள்.

நேரே போனால் லெபோ சூலியா. சூலியர் என்றால் நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள். சோழர் என்பதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். கிங் ஸ்திரீட் முனையில் நாகூர் தர்கா. இன்னும் கொஞ்சம் நடந்தால் 1801இல் தொடங்கிய பள்ளிவாசல், உங்கள் மகள் பார்த்த அதே பெயரோடு.

அவள் கேட்டது நல்ல கேள்வி. “அப்படியெல்லாம் பேசக்கூடாது” என்று வாயை அடைக்காதீர்கள். கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்த சொல் ‘கெலிங்’ என்பது பொதுவான விளக்கம். பழைய மலாய் ஏடுகளில் தென்னிந்தியாவுக்கே ‘பெனுவா கெலிங்’ என்றுதான் பெயர், அதில் இழிவு இல்லை. கப்பித்தான் என்பது ஆங்கிலேயர் காலத்தில் ஒவ்வொரு சமூகத் தலைவருக்கும் கொடுத்த பட்டம். காதர் மொய்தீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர் அந்தப் பட்டத்தோடு இருந்தார், அவர் காலத்தில் எழுந்த பள்ளிவாசல் இது. இந்தச் சொல் இந்தியர்களைத் திட்டும் வசவாக மாறியது பிற்பாடு. ஆனால் இந்தச் சரித்திரத்தைச் சொல்லிவிட்டு, “அதனால நீ கோபப்படாதே” என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத் திடலில் அந்தச் சொல்லை வீசுகிற பையன் கலிங்கத்தை நினைத்து வீசுவதில்லை. அவள் கோபம் சரிதான்.

சரி, எந்தப் பெயரைச் சொல்வது? வழி கேட்க பிட் ஸ்திரீட், கைப்பேசிக்கு மற்றது. அந்தப் பழைய பெயருக்குரிய வில்லியம் பிட், 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் இங்கே கொடி நட்டபோது இங்கிலாந்தின் பிரதமர். ஊர்ப் பக்கமே எட்டிப் பார்க்காதவர். ஜனங்கள் வாயில் இன்னும் அவர்தான் இருக்கிறார், எனக்கும் அப்படித்தான் வருகிறது.

அப்புறம் ஒன்று. அதே தெருவில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயிலும் இருக்கிறது, ஆனால் அம்மன் அந்தத் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். வாசல் குயின் ஸ்திரீட்டில். காரில் சுற்றியபோது நீங்கள் பார்த்தது பின்சுவராகத்தான் இருக்கும்.