செனட்டுக்கு இரண்டு கட்டம், ஒன்றில் மட்டும் ஓட்டு: சீட்டு செல்லாமல் போகுமா?

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். குடியுரிமை வாங்கியபின் 2024 நவம்பரில்தான் முதல் ஓட்டு. சீட்டில் அமெரிக்க செனட் தேர்தல் இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டிலும் அதே இரண்டு பெயர்கள். அச்சுப் பிழை என்று நினைத்து ஒன்றில் மட்டும் போட்டேன். என் சீட்டு செல்லாததாகியிருக்குமா? அம்மாவின் தபால் ஓட்டுக் கவரில் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று கடிதம் வேறு வந்தது. அடுத்த முறை எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: செல்லும். நீங்கள் போட்ட ஓட்டு எண்ணப்பட்டிருக்கும். காலியாக விட்ட கட்டத்தில் மட்டும் உங்கள் ஓட்டு இல்லை, அவ்வளவுதான். நீங்கள் தனி ஆளும் இல்லை. அந்த இரண்டு போட்டிகளில் ஒன்றில் விழுந்த ஓட்டுகள் மற்றதைவிட ஏறத்தாழ 3 லட்சம் குறைவு.

அது அச்சுப் பிழை அல்ல. கலிபோர்னியாவின் செனட் உறுப்பினராக இருந்த டயான் ஃபைன்ஸ்டைன் 2023 செப்டம்பர் 29 அன்று காலமானார். அவருடைய பதவிக்காலம் 2025 ஜனவரி 3 வரை இருந்தது. ஆளுநர் கேவின் நியூசம், லஃபோன்சா பட்லரை நியமித்தார். நியமன உறுப்பினர் தற்காலிகம்தான். மிச்சக் காலத்துக்கும் மக்களே ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது 17-வது அரசியல் சட்டத் திருத்தம். நம் ஊர் மாநிலங்களவை மாதிரி எம்எல்ஏக்கள் ஓட்டுப் போடும் ஏற்பாடு அங்கே 1913-லேயே போய்விட்டது. எனவே ஒரு கட்டம் ஜனவரி 3 வரையிலான சில வாரங்களுக்கு, இன்னொன்று அதன்பின் வரும் 6 ஆண்டுகளுக்கு. ஆடம் ஷிஃப் இரண்டிலும் ஸ்டீவ் கார்வியை வென்றார். சில வாரத்துக்கு ஒரு தேர்தலா என்று சிரிக்க வேண்டாம்: டிசம்பர் 9 அன்றே பதவியேற்றதால், ஜனவரியில் வந்த புதியவர்களைவிட அவருக்குப் பணிமூப்பு கிடைத்தது.

உண்மையில் ஓட்டு வீணாவது காலியாக விடுவதால் அல்ல, ஒரே போட்டியில் இரண்டு பேருக்குக் குறியிடுவதால். அப்போது அந்தப் போட்டியில் மட்டும் உங்கள் ஓட்டு கணக்கில் வராது. சீட்டின் மற்ற பகுதிகள் செல்லும். நவம்பருக்கு முன் நடக்கும் முதற்கட்டத் தேர்தலில்தான் இந்தப் பொறி பெரிது. கலிபோர்னியாவில் எல்லாக் கட்சியினரும் ஒரே பட்டியலில் நிற்பார்கள். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள், ஒரே கட்சியாக இருந்தாலும், நவம்பருக்குப் போவார்கள். 2016-ல் பார்பரா பாக்சர் விலகிய இடத்துக்கு 34 பேர் நின்றார்கள். பெயர்களை இரண்டு பத்தியாக அச்சிட்ட கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பத்திக்கு ஒருவர் என்று குறியிட்டவர்கள் உண்டு. (அந்த நவம்பரில் மோதிய இருவருமே ஜனநாயகக் கட்சியினர், வென்றவர் கமலா ஹாரிஸ்.) 2024 மார்ச்சில் முழுப் பதவிக்கு 27 பேர், மிச்சக் காலத்துக்கு 7 பேர். பட்டியல் வேறு என்பதால் முடிவும் மாறியது: முதலாவதில் மயிரிழையில் ஷிஃப் முந்தினார், இரண்டாவதில் கார்வி. ஆகவே போட்டியின் தலைப்புக்குக் கீழே ‘ஒருவருக்கு மட்டும்’ என்றிருக்கும் வரியையும், முழுப் பதவியா மிச்சக் காலமா என்பதையும் படித்துவிட்டு, அடுத்த தலைப்பு வரும்வரை ஒரே பட்டியல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தவறாகக் குறியிட்டுவிட்டால் கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் வேறு சீட்டு கேட்டு வாங்கலாம்.

அம்மாவின் விஷயத்துக்கு வருவோம். கவரில் போடும் கையெழுத்தை, வாக்காளர் பதிவுப் படிவத்திலும் டிஎம்வி-யிலும் (ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகம்) இருக்கும் பழைய கையெழுத்துகளோடு ஒப்பிடுவார்கள். அம்மா டிஎம்வி-யில் தமிழில் கையெழுத்திட்டு, கவரில் ஆங்கிலத்தில் போட்டிருந்தால் பொருந்தாது. இனிஷியல் முன்பின்னாவது, வயதில் கை நடுங்குவது, மின்திரையில் கிறுக்கலாக விழுந்தது எல்லாமே காரணமாகும். எந்த மொழி என்பது பிரச்சினை இல்லை, ஒரே மாதிரி இருக்க வேண்டும். நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது இன்னொன்று: சாப்பாட்டு மேசையில் நான்கு கவரையும் பரப்பி வைத்து, ஒருவர் கவரில் இன்னொருவர் கையெழுத்திட்டுவிடுவது. அச்சிட்ட பெயரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். மகன் அம்மாவுக்காகக் கையெழுத்துப் போடவே கூடாது.

அந்தக் கடிதம் வந்தால் ஓட்டு போய்விட்டது என்று பொருளல்ல. உடன் வரும் படிவத்தில் கையெழுத்திட்டு, அதில் சொன்ன கடைசி நாளுக்குள் திருப்பி அனுப்பினால் எண்ணுவார்கள். அப்படியே விட்டால்தான் சீட்டு எண்ணப்படாது. கையெழுத்தே மாறிவிட்டதென்றால் புதுக் கையெழுத்தோடு மறுபடி பதிவு செய்துவிடுவது நல்லது. அம்மாவுக்கு வாசிப்பது சிரமமென்றால் வாக்குச்சாவடியில் உதவிக்கு இரண்டு பேர் வரை கூட்டிப்போகலாம்; அவருடைய முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ மட்டும் கூடாது.

தபால் சீட்டுகள் தேர்தலுக்கு 29 நாள் முன்பிருந்து அனுப்பப்படும், தபால்தலை தேவையில்லை. கடைசி நாளில் தபால்பெட்டியில் போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தேர்தல் நாள் முத்திரை இருந்தால்தான் பின்னால் வந்து சேரும் கவர் செல்லும். மாலையில் போட்ட கவருக்கு மறுநாள் முத்திரை விழலாம். தபால் நிலைய கவுன்ட்டரில் கொடுத்துக் கண்முன் முத்திரை குத்தச் சொல்லுங்கள், அல்லது இரவு 8 மணிக்குள் கவுண்டியின் டிராப் பாக்ஸில் போடுங்கள். உங்கள் சீட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் ‘வேர்ஸ் மை பேலட்’ சேவையில் பதிந்துகொண்டால் கையெழுத்துச் சிக்கலும் குறுஞ்செய்தியாக வந்துவிடும், கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.