நார்வே ஃபியோர்டு கப்பல்: ஜூனா, ஆகஸ்டா?

வணக்கம். முழங்கால் வலியுள்ள அம்மாவோடு நார்வே ஃபியோர்டுகளுக்கு (மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடல் கிளைகள்) ஏழு நாள் கப்பலில் போக வேண்டும், அருவிகளும் நள்ளிரவுச் சூரியனும் (நள்ளிரவிலும் மறையாத சூரியன்) அவர் ஆசை, ஜூனா ஆகஸ்டா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் ஜூன். பனி உருகி வரும் நீர்தான் கெய்ராங்கர் ஃபியோர்டின் ஏழு சகோதரிகள் அருவிக்கு உயிர். ஆகஸ்டில் அது மெலிந்துவிடும்.

நள்ளிரவுச் சூரியன் மட்டும் வேறு கதை. மேற்கு நார்வேயின் பெர்கன், கெய்ராங்கர் பக்கம் ஜூனிலும் சூரியன் மறையும். இரவு முழுக்க வெளிச்சம் இருக்கும், அவ்வளவுதான். நள்ளிரவுச் சூரியனைப் பார்க்க ஆர்க்டிக் வட்டம் தாண்டி, ட்ரோம்சோ போன்ற வட நார்வே ஊர்களுக்குப் போக வேண்டும். ஏழு நாளில் இரண்டையும் திணித்தால் பாதி நாள் கடலிலேயே போய்விடும். அருவியா சூரியனா என்று அம்மாவிடமே கேளுங்கள்.

அருவி என்றால், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஏறாதீர்கள். வட கடலைக் கடக்கவே போக வர இரண்டு நாளுக்கு மேல் போகும், பிரிட்டன் விசாவும் தனியாக வேண்டும். பெர்கனில் ஏறுவது மேல். அப்புறம், கெய்ராங்கரில் பல கப்பல்கள் நங்கூரமிட்டுச் சிறு படகில்தான் இறக்கிவிடும். அம்மாவின் முழங்காலுக்கு அது சிரமம். பதிவு செய்யுமுன் ஒவ்வொரு துறைமுகத்திலும் எப்படி இறக்குவார்கள் என்று கேட்டுவிடுங்கள். ஃப்ளோம் என்ற ஃபியோர்டு ஊரில் நிற்கும் கப்பல் கிடைத்தால் விடாதீர்கள், அங்கே மலை ரயில் உட்கார்ந்தபடியே 866 மீட்டர் உயரத்துக்குக் கூட்டிப்போகும்.